செருப்போடு உள்ளே வரச் சொன்ன வீடு

ஒரு வீட்டுக்குப் போகிறீர்கள். வாசலில் செருப்பைக் கழற்றக் குனிகிறீர்கள். வீட்டுக்காரர் ஓடி வந்து, "அட, அதெல்லாம் எதுக்குங்க, போட்டுக்கிட்டே வாங்க" என்கிறார். எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்துச் சட்டென்று உள்ளே போய்விடாதீர்கள். அங்கேயே நின்று அவர் காலைப் பாருங்கள். அவர் காலிலும் செருப்பு இருந்தால், உங்களுக்கு அந்த வீட்டில் வேலை இருக்கிறது.

பயிற்சி முடிக்கப்போகும் உங்களிடம் பாதுகாப்பு பற்றி உருப்படியாக ஏதாவது பேசும்படி என்னை அழைத்திருக்கிறார்கள். கையுறை, பெல்ட், எர்த் ராடு பற்றியெல்லாம் ஏற்கெனவே உங்களுக்குப் பாடம் எடுத்துவிட்டார்கள். கம்பத்தின் மேல் எப்படி நடந்துகொள்வது என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கம்பத்துக்குக் கீழே வீடு கட்டிக் குடியிருப்பவர்களிடம் எப்படி நடந்துகொள்வது என்று யாரும் சொல்வதில்லை. "மெயினை ஆஃப் பண்ணுங்க" என்றால், "பண்றேனுங்க, மொதல்ல காபி சாப்பிடுங்க" என்பார்கள். காபியும் நன்றாக இருக்கும். அதுதான் சிக்கல்.

நான் மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்த புதிதில் எனக்கொரு மேலதிகாரி வாய்த்தார். ஷாக் அடிக்கிறது என்று எந்த வீட்டில் புகார் வந்தாலும், டெஸ்டரைப் பையிலிருந்து எடுப்பதற்கு முன் குடிக்கத் தண்ணீர் கேட்பார். அதுவும் ஜில்லென்று வேண்டும் என்பார். வெயிலில் வந்த களைப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். மார்கழி மாதத்திலும் ஜில்லென்று கேட்டபோதுதான் சந்தேகம் வந்தது. கேட்டேன்.

"அடிக்குதான்னு கேட்டா, ஒண்ணுமில்லீங்க, லேசாத்தான்னு சொல்லுவாங்கம்மா. வாயைப் பாக்காத. ஃபிரிட்ஜைத் தொறக்கறப்ப அவங்க கையைப் பாரு" என்றார்.

நல்ல உபாயம். ஒரே ஒரு குறைதான். நாள் முழுக்க வீடு வீடாகத் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பும்போது, வழியில் புதர் கண்ட இடமெல்லாம் ஜீப்பை நிறுத்தச் சொல்வார். டிரைவருக்கு அதில் தீராத மனக்குறை.

இப்போது நான் சொல்ல வந்த வீட்டுக்கு வருகிறேன். நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு நடந்தது. அப்போது எங்கள் பிரிவு அலுவலகம் நாமகிரிப்பேட்டைப் பக்கம். ஒருநாள் மத்தியானம் பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் போன் செய்தார்.

"கல்யாண ஊட்டுல ஆர்ச்சு நிறுத்தறாங்கங்க. லைனுக்கு நேர் கீழயே. ஒரு எட்டு வந்து பாருங்க" என்றார். அவர் குரலில் கவலையை விடச் சந்தோஷம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் என்று புரிந்துகொண்டேன். புகார் எந்த மனத்தோடு வந்தாலும் போய்ப் பார்ப்பதுதான் நம் வேலை. லைன்மேன் ராசுவின் வண்டியில் ஏறிக்கொண்டேன்.

உண்மைதான். இரும்புக் குழாயில் செய்த ஆர்ச், வெள்ளி வண்ணம் அடித்து, உச்சியில் இரண்டு மயில். மயிலின் கொண்டைக்கு மேலே நம் கம்பி போய்க்கொண்டிருந்தது. நான்கு ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். ராசு வண்டியை நிறுத்தவும் இல்லை, "கீழ வைங்கடா அதை!" என்று கத்திவிட்டான். அவன் குரலுக்கு மயிலே பறந்திருக்கும். ஆர்ச்சைத் தரையில் படுக்க வைத்தார்கள்.

வீட்டுக்காரர் முத்துசாமி வெளியே வந்தார். போர்வெல் ரிக் வண்டி வைத்திருப்பவர். வெளுத்த வேட்டி, புதுச் சட்டை. மகள் கல்யாணத்தின் களைப்பெல்லாம் முகத்தில்.

"ஏனுங்க அம்மணி, நல்ல காரியம் நடக்கற ஊட்டுல வந்து சத்தம் போடறீங்க?"

"நல்ல காரியம் நடக்கோணும்னுதாங்க சத்தம். நிறுத்தறப்ப ஒருபக்கம் சாய்ஞ்சா மயிலு கம்பியைத் தொடும். புடிச்சிருக்கற நாலு பேரும் இரும்பைத்தான் புடிச்சிருக்காங்க."

அவர் நிமிர்ந்து கம்பியைப் பார்த்தார். ஆட்களைப் பார்த்தார். மனிதர் இயந்திரங்களோடு வாழ்கிறவர். இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. "தூக்கிட்டுப் போயி அக்கட்டால, வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் நிறுத்துங்கப்பா" என்றார். பிறகு எங்களிடம் திரும்பி, "வெயில்ல நிக்காதீங்க. உள்ள வாங்க. ஒரு வாய் மோர் குடிச்சுட்டுப் போலாம்" என்றார்.

படியில் செருப்பைக் கழற்றப் போனேன்.

"போட்டுக்கிட்டே வாங்க அம்மணி."

காலைப் பார்த்தேன். ரப்பர் செருப்பு. அவர் மனைவி பூங்கொடியின் காலிலும் ரப்பர் செருப்பு. கூடத்தின் தரையோ கண்ணாடி போல மின்னுகிற கிரானைட். முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். அதன் மேல் சரக் சரக்கென்று எல்லோரும் செருப்போடு நடந்துகொண்டிருந்தார்கள்.

"மோர் வேண்டாங்க. தண்ணி இருந்தாப் போதும். ஜில்லுனு" என்றேன்.

பூங்கொடி ஃபிரிட்ஜை நோக்கிப் போனார். அதன் முன்னால் ஒரு மரப்பலகை கிடந்தது. அதன் மேல் ஏறி நின்றார். புடவைத் தலைப்பைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார். அப்புறம்தான் கதவைத் திறந்தார். பாட்டிலை எடுத்து, கதவை முழங்கையால் தள்ளி மூடி, பலகையை விட்டு இறங்கினார். இவ்வளவும் ஒரு யோசனையும் இல்லாமல், நாம் மூச்சு விடுவதைப் போல.

"பலகை எதுக்குங்கக்கா?"

"அதுங்களா? ஃபிரிட்ஜு சித்த சுர்ருங்கும். வேற ஒண்ணுமில்லீங்க."

"எப்பவுமா?"

"காத்தாலைல மட்டுந்தானுங்க. பொழுது ஏறிருச்சுன்னா சாதுவாயிரும். ஆனாலும் கை பழகிருச்சு பாருங்க."

முத்துசாமி பெருமையோடு சேர்ந்துகொண்டார். அந்த வீட்டில் எதை எப்படித் தொட வேண்டும் என்பதற்கு ஒரு முறை இருந்தது. கிரைண்டரை ஈரக்கையோடு தொடக் கூடாது. வாசலில் இருக்கும் இரும்புக் குழாயைக் காலையில் திருகக் கூடாது, தொட்டியில் மொண்டுகொள்ள வேண்டும். துணி மெஷினைப் பென்சிலால்தான் அமுக்க வேண்டும். "ஒறம்பரை யாராச்சும் வந்தா மொதல்லயே சொல்லிருவோமுங்க. இதுவரைக்கும் ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆனதில்லை" என்றார்.

இந்த நேரத்தில் ராசு என்ன செய்துகொண்டிருந்தான் என்று சொல்ல வேண்டும். எந்த வீட்டில் நுழைந்தாலும் அவன் கண் முதலில் மெயின் சுவிட்சைத் தேடும். அந்த வீட்டில் அது சீர்வரிசைப் பாத்திரங்களுக்குப் பின்னால் இருந்தது. குத்துவிளக்கு, அண்டா, குடம் என்று கழுத்து உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். ராசு ஒவ்வொன்றாக எடுத்து, "இது எந்தக் கடையிலங்க வாங்குனது? நல்ல கனம்" என்று பாராட்டிப் பாராட்டி அந்தப் பக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தான். கடைசி அண்டாவைப் பாராட்டி முடித்தபோது சுவிட்சுக்கு வழி பிறந்திருந்தது. பூங்கொடிக்கு அவன் மேல் தனி மரியாதை வந்துவிட்டது.

நான் போர்டைப் பார்த்தேன். மெயினுக்குப் பக்கத்தில் ஒரு பொருள் இருந்த இடம் காலியாக இருந்தது. இரண்டு ஒயர்களை நேராகச் சேர்த்து டேப் சுற்றியிருந்தது.

"இங்க ட்ரிப்பர் இருந்திருக்குமே?"

"அதுங்களா, கழட்டிப் பீரோவுல வெச்சுட்டேனுங்க" என்றார் முத்துசாமி. "அது ரொம்ப ரோசக்காரன். பொங்கல் முடிஞ்சதுல இருந்து தெனமும் காத்தால டப்புனு விழுந்துக்குது. தலையில சோப்போட நிக்கறேன், இருட்டாயிருது. எத்தனை நாளைக்குங்க பொறுக்கறது? நானே ஒயரைச் சேத்துட்டேன். அப்புறம் ஒரு தொந்தரவும் இல்லை."

ட்ரிப்பர் என்று அவர்கள் சொல்வது, மின்சாரம் போன வழியே முழுதாகத் திரும்பி வருகிறதா என்று கணக்குப் பார்க்கிற கருவி. எங்கோ கொஞ்சம் கசிந்து இரும்பிலோ மனிதர் உடம்பிலோ இறங்கினால் உடனே துண்டித்துவிடும். உங்களுக்குத் தெரியும். அவருக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும்.

"ஏனுங்ண்ணா, உங்க நாய் தெனமும் காத்தால ஒரே நேரத்துக்குக் கொலைக்குதுன்னா, யாரோ வாராங்கன்னு எந்திரிச்சுப் பாப்பீங்களா? நாயைப் புடிச்சுப் பீரோவுல வெச்சுப் பூட்டுவீங்களா?"

"எங்க நாய் எல்லாத்துக்குமே கொலைக்குமுங்க" என்றார்.

சிரித்துவிட்டேன். ஆனால் அந்த வீட்டுக்காரர்கள் ஆபத்தோடு பழகிவிட்டார்கள். கல்யாணத்துக்கு வருகிற கூட்டம் பழகியிருக்காது. குழந்தைகள் வரும். ஈரத் தலையோடு பெண்கள் வருவார்கள். பலகை பற்றி எத்தனை பேரிடம் சொல்ல முடியும்?

"அண்ணா, மெயினை இறக்குங்க. எது கசியுதுன்னு கண்டுபிடிச்சுட்டு அப்புறம் போட்டுக்கலாம்."

"இப்பவா? பொழுதோட மாப்பிள்ளை ஊட்டுல இருந்து சம்பந்தியம்மா வாராங்க, ஏற்பாடெல்லாம் பாக்கறதுக்கு. சேலம் ஃபேர்லேண்ட்ஸ்ல, வசதியான எடத்துல இருக்கறவங்க. வந்ததும் வேர்வையில உக்கார வெக்கச் சொல்றீங்களா? கல்யாணம் முடியட்டும், நானே ஆளை வரச் சொல்றேன்."

இந்த இடத்தில் உங்களில் பலர் என்ன செய்வீர்கள் என்று தெரியும். கம்பத்துக்குப் போய் ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுவீர்கள். எனக்கும் அந்த அதிகாரம் இருந்தது, கோபமும் இருந்தது. ஆனால் கொல்லைப் பக்கம் கல்யாணத்துக்காகக் கொண்டுவந்த ஜெனரேட்டர் ஒன்று நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். நான் ஃபியூஸோடு தெருமுனை தாண்டுவதற்குள் அது ஓடத் தொடங்கும். அதே கோளாறான ஒயரில் அதே கசிவு. என் கோபம் ஆறியிருக்கும், ஆபத்து அப்படியே இருந்திருக்கும். அவரே தன் கையால் இறக்க வேண்டும். அதற்கு அவரை ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும்.

"சரிங்க. அப்ப ஒண்ணு பண்ணலாம்" என்றேன். "வாசல்ல ஒரு பேனர் வெச்சிருங்க. ராசு, எழுதிக்கோ."

ராசு நல்ல பிள்ளை. காதில் செருகியிருந்த பேனாவை எடுத்துக் கையிலேயே எழுதத் தயாரானான். நான் ரேடியோவில் செய்தி வாசிப்பது போலத் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"‘திருமணத்துக்கு வருகை தரும் உறவினர்கள் கவனத்துக்கு. வீட்டுக்குள் ரப்பர் செருப்புடன் மட்டுமே வரவும். ஃபிரிட்ஜைத் திறப்போர் பலகை மேல் ஏறித் திறக்கவும். பட்டுப்புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொள்ளுதல் நலம். காலை வேளையில் குழாயைத் தொடுவோர் தத்தம் பொறுப்பில் தொடவும். இந்த விதிகள் மாப்பிள்ளை வீட்டாருக்கும் பொருந்தும். இப்படிக்கு, தங்கள் நல்வரவை விரும்பும் முத்துசாமி, பூங்கொடி.’"

பூங்கொடி தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சமையலறைக்குள் ஓடினார். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. முத்துசாமிக்கு மீசை துடித்தது. கோபப்படுவதா சிரிப்பதா என்று அவருக்கே தெரியவில்லை.

"அம்மணிக்கு நக்கல் ஜாஸ்திங்க" என்றார். சொன்னாரே தவிர, போய் மெயின் போர்டுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "சம்பந்தி வந்துட்டுப் போகட்டும். அவங்க கார் தெருவைத் தாண்டுனதும் நானே இறக்கறேன். சத்தியமாங்க."

பாதி வழிக்கு வந்துவிட்டார். மீதிப் பாதிக்கு நான் வாய் திறப்பதற்குள் வாசலில் கார் ஹார்ன் கேட்டது. சம்பந்தியம்மாள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். முத்துசாமி போர்டை மறந்துவிட்டு வாசலுக்கு ஓடினார். நானும் பின்னாலேயே போனேன். ராசு மட்டும் நகரவில்லை. நான் சொல்லாமலே போர்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான்.

காரிலிருந்து இறங்கியவர் கோமதியம்மாள். நல்ல உயரம், கனமான குரல், யாரும் தன்னை ஏவிப் பழகாத நடை. கேட்டருகே செருப்பை விட்டார். "வழியெல்லாம் ஒரே புழுதி. காலைக் கழுவிட்டு வர்றேன்" என்று வாசல் குழாயைப் பார்த்து நடந்தார். கல்யாணத்துக்காகப் பொங்கல் சமயத்தில் பதித்த பேவர் கல்லில் அப்போதுதான் தண்ணீர் தெளித்திருந்தார்கள். ஈரத்தில் வெறுங்காலோடு போனார்.

"சாயங்காலம் கொழாய் ஒண்ணும் பண்ணாதுங்க" என்று முத்துசாமி எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

அப்போது பூங்கொடி உள்ளேயிருந்து வந்தார். "வாங்க சம்பந்தி! களைப்பா வந்திருப்பீங்கன்னு கீசரைப் போட்டு வெச்சிருக்கேன். சுடுதண்ணி வாத்துக்கலாம்" என்றார்.

காலையில் மட்டும் கடிக்கிற ஃபிரிட்ஜ். காலையில் மட்டும் விழுகிற ட்ரிப்பர். தலையில் சோப்பு. காலையில் மட்டும் ஓடுகிற கீசர்! இப்போது அது ஓடிக்கொண்டிருக்கிறது.

"கொழாயைத் தொடாதீங்க!" என்று கத்தினேன்.

கோமதியம்மாள் திரும்பிப் பார்த்தார். சம்பந்தி வீட்டு வாசலில், முன்பின் தெரியாத ஒருத்தி, தன்னைப் பார்த்துக் குழாயைத் தொடாதே என்கிறாள். அவர் முகம் மாறியது. என்னையே பார்த்துக்கொண்டு, வேண்டுமென்றே குழாயைப் பிடித்துத் திருகினார்.

சத்தமே வரவில்லை. அதை மறக்க முடியவில்லை. வாய் லேசாகத் திறந்தது. கை குழாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அவர் பிடித்திருந்தது போலத்தான் இருந்தது, ஆனால் அவரால் விட முடியவில்லை.

"ராசு! மெயினு!"

முத்துசாமி ஐயோ என்று பாய்ந்தார். அவர் கோமதியம்மாளைத் தொட்டிருந்தால் அங்கே இரண்டு பேர் ஒட்டிக்கொண்டு நின்றிருப்பார்கள். கத்திப் பயனில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் யாருக்கும் காது கேட்காது. என் கைக்கு எட்டியது அவருடைய வேட்டி. இரண்டு கையாலும் பிடித்து, ஒரு காலைச் சுவரில் முட்டுக்கொடுத்து இழுத்தேன். வேட்டி என்னோடு வந்துவிட்டது. கோடு போட்ட நிஜாரோடு முத்துசாமி அப்படியே நின்றார். ஆபத்தில் கூட மனிதன் வேட்டியைத்தான் முதலில் தேடுகிறான். அந்த ஒரு கணம் போதுமானதாக இருந்தது. உள்ளே மெயின் சுவிட்ச் இறங்கிய சத்தம் கேட்டது. ஃபேன்கள் நின்றன. கோமதியம்மாளின் கை விட்டது, அப்படியே பின்னால் சாய்ந்து ஈரக் கல்லில் உட்கார்ந்தார்.

உயிரையும் மானத்தையும் சேர்த்துக் காப்பாற்ற நேரம் இருக்கவில்லை. நான் உயிரைத் தேர்ந்தெடுத்தேன். உங்களுக்கும் அப்படி நேர்ந்தால் கூச்சப்படாதீர்கள்.

ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூச்சு இருந்தது, வேகமாக இருந்தது. உதடு வெளுத்திருந்தது. உள்ளங்கையில் சின்னதாக ஒரு தீக்காயம். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"யாரு நீ? என்னையவே தொடாதேன்னு சொல்றவ?" என்றார்.

அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்குப் போன உயிர் வந்தது. சண்டை போடத் தெம்பு இருக்கிறது.

அவர் எழுந்து, "ஒண்ணுமில்லை, காபி குடுங்க" என்று உள்ளே நடக்கப் பார்த்தார். நான் விடவில்லை. மின்சாரம் உடம்பில் பாய்ந்தவர் எழுந்து நடந்துவிட்டார் என்பதற்காக நாம் வீட்டுக்கு வந்துவிடக் கூடாது. நெஞ்சு பிறகு தடுமாறலாம், வெளியே ஒன்றும் தெரியாது. "ஆஸ்பத்திரிக்குப் போயி ஈசிஜி எடுத்துட்டு வந்து என்னைத் திட்டுங்கம்மா. நான் இங்கதான் இருப்பேன்" என்றேன். அந்த வாக்குறுதி அவருக்குப் பிடித்திருந்தது போல. காரில் ஏறினார். பூங்கொடி கூடப் போனார். கார் ராசிபுரம் பக்கம் திரும்பியது.

முத்துசாமி வேட்டியைக் கட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். நானும் ராசுவும் வேலையைத் தொடங்கினோம். எல்லாச் சாதனங்களையும் பிரித்துவிட்டு ஒவ்வொன்றாகச் சோதித்தோம். கீசருக்குள் சூடேற்றும் கம்பியின் உறை வெடித்து, மின்சாரம் அதன் உடம்புக்கு வந்துகொண்டிருந்தது. சரி, அது எர்த் வழியாக மண்ணுக்குப் போயிருக்க வேண்டுமே? எர்த் ஒயரைத் தேடிக்கொண்டு வெளியே வந்தோம். புதுப் பேவர் கல்லை ஒரு ஓரத்தில் பெயர்த்துப் பார்த்தால், மண்ணுக்குள் போக வேண்டிய கம்பி வெட்டுப்பட்டுக் கிடந்தது. வாசலை அழகாக்கக் கல் பதித்தவர்கள், குறுக்கே ஏதோ பழைய கம்பி என்று நறுக்கிவிட்டார்கள்.

மண்ணுக்கு இறங்க வழியில்லாத மின்சாரம், அதே எர்த் ஒயரைப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றி வந்திருக்கிறது. ஃபிரிட்ஜ், கிரைண்டர், துணி மெஷின் எல்லாவற்றின் உடம்பும் அந்த ஒயரில்தான் இணைந்திருந்தது. தண்ணீர்க் குழாய் வழியாக வாசலுக்கும் வந்துவிட்டது. தப்பு செய்தது கீசர், கெட்ட பெயர் ஃபிரிட்ஜுக்கு. இதையெல்லாம் முத்துசாமியிடம் சொன்னேன். அவர் எழுந்து உள்ளே போனார். பீரோவைத் திறந்து, மகளின் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் பட்டுத்துணியில் சுற்றி வைத்திருந்த ட்ரிப்பரை எடுத்து வந்து ராசுவின் கையில் கொடுத்தார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் கார் திரும்பி வந்தது. கீசரை மட்டும் முற்றிலும் துண்டித்து, எர்த்தைச் சேர்த்து, ட்ரிப்பரை மாட்டி, வீட்டுக்கு மின்சாரம் கொடுத்திருந்தோம். கோமதியம்மாள் கையில் கட்டோடு வந்து கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நெஞ்சுக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பூங்கொடியின் கண்கள் அழுது சிவந்திருந்தன. கல்யாணம் நின்றுவிடுமோ என்ற பயம் அந்த வீட்டின் தூண்களில் கூடத் தெரிந்தது.

நான் பேச வாயெடுத்தேன். முத்துசாமி கையைக் காட்டித் தடுத்தார்.

"நானே சொல்லிர்றேனுங்க அம்மணி." சம்பந்திக்கு எதிரில் போய் நின்றார். "தப்பு என்னுதுதானுங்க சம்பந்தி. உங்களைக் காப்பாத்தியிருக்க வேண்டிய சாமானைத் தொந்தரவுன்னு நாந்தான் கழட்டி வெச்சேன். மாசக்கணக்கா ஊடு பூராவும் அடிச்சுட்டு இருந்துச்சு. செருப்புப் போட்டுச் சமாளிச்சுட்டோம். உங்ககிட்ட மறைச்சதும் நாந்தான். நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்."

கோமதியம்மாள் கட்டுப் போட்ட கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இந்தக் குழாய் மொதல்ல லேசாத்தான் சுர்ருன்னுச்சு. அப்பவே கையை எடுத்திருக்கலாம். நான் எடுக்கலை. இன்னும் கெட்டியாத் திருகினேன். ஏன்னு கேளுங்க."

"ஏனுங்கம்மா?"

"எங்க வீட்டு வாஷிங் மெஷினும் தெனமும் இப்படித்தான் பண்ணும். வாங்கின கடையில கேட்டேன், ஈரக் கையில தொட்டா அப்படித்தான் இருக்கும்னான். வேலைக்கு வர்ற பொண்ணுக்கு ரப்பர் செருப்பு வாங்கிக் குடுத்திருக்கேன். சுர்ருங்கறது எனக்கு ஒரு பெரிய விஷயமாவே தோணலை."

முதலில் சிரித்தது பூங்கொடிதான். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பிறகு முத்துசாமி. கடைசியில் கோமதியம்மாளே கட்டுப் போட்ட கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "நீங்க ஃபிரிட்ஜுக்குப் பலகை போட்டீங்க, நான் மெஷினுக்குச் செருப்பு வாங்கினேன். பொருத்தம் பாத்த சோசியன் நல்லாத்தான் பாத்திருக்கான்" என்றார்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அதற்கு முன்பே ஃபேர்லேண்ட்ஸ் வீட்டுக்கு ஆள் போய் எல்லாவற்றையும் சரி செய்துவிட்டு வந்ததாகக் கேள்விப்பட்டேன். பந்தியில் கோமதியம்மாள் கேட்டதால், என் மேலதிகாரியின் ஜில் தண்ணீர் உபாயத்தையும் அவருக்குச் சொல்லிவைத்தேன்.

ஒரு வேலையில் நாம் திருத்த வேண்டியது ஒயரை மட்டும் என்று நினைத்துக்கொண்டு வருகிறோம். ஒயர் சீக்கிரம் திருந்திவிடும். "லேசாத்தாங்க அடிக்குது" என்ற வார்த்தைதான் லேசில் போகாது. அதை ஒரு வீட்டிலிருந்து வெளியேற்றிவிட்டால், அந்த வீட்டு மனிதர்கள் அதைத் தெருவிலிருந்தே துரத்திவிடுவார்கள். சில சமயம் நாம் எதிர்பார்த்ததற்கும் மேலே.

சில மாதம் முன்பு, சேலத்தில் களப் பயிற்சியில் இருந்த ஒரு தம்பி எனக்குப் போன் செய்தார். இதோ, இந்த வரிசையின் கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். தன் பகுதியில் ஒரு விசித்திரமான புகார் வந்திருப்பதாகச் சொன்னார். பெரிய குடும்பத்து அம்மாள் ஒருவர் காலை நடைக்குக் கிளம்பி, தெருவில் யார் வீட்டிலாவது நுழைந்து ஜில்லென்று தண்ணீர் கேட்கிறாராம். தண்ணீர் கொண்டுவருகிறவர்களின் காலையும் கையையும் உற்றுப் பார்க்கிறாராம். பிறகு ஒரு வார்த்தை பேசாமல் போய், அந்த வீட்டு மெயினை இறக்கிவிட்டு, பெட்டியைப் பூட்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டு நடந்துவிடுகிறாராம். "என்ன மேடம் பண்றது? போலீஸுக்குச் சொல்றதா?" என்று கேட்டார்.

"அந்தம்மா எந்த வீட்டுல இறக்கினாங்களோ, அந்த வீட்டுக்கு உடனே போங்க" என்றேன்.

போனார். எர்த் ஒயரை மண்ணில் இறக்காமல், கூடத்துச் சுவரில் அடித்த ஆணி ஒன்றில் கட்டியிருந்தார்களாம். அந்த ஆணியில் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்ததாம்.

சாயங்காலமே தம்பி மறுபடி கூப்பிட்டார். "மேடம், அந்தம்மாவை நம்ம ஆபீஸ்லயே சேத்துக்க முடியாதுங்களா?"

கோமதியம்மாளிடம் நானே கேட்டுப் பார்த்தேன்.

"வேண்டாம் அம்மணி. சம்பளம் வாங்கினா, மெயினை இறக்கறதுக்கு முன்னாடி யாரையாவது கேக்கணும்" என்றார்.